கையெழுத்தா, கைநாட்டா, வாய்வார்த்தையா, வீடியோவா: ஆய்வுக்கு சம்மதம் வாங்க உங்களுக்கு எது சரிப்படும்?

போன மாசம் ஒரே வாரத்துல மூணு பேர் ஒரே கேள்வியோட போன் பண்ணாங்க. ஒருத்தர் எம்.டி. கம்யூனிட்டி மெடிசின் பண்ற டாக்டர் தம்பி, கிராமத்துல அறுபது வயசுக்கு மேல இருக்கறவங்ககிட்ட சுகர், பிரஷர் பத்தி தீசிஸ் சர்வே, விரல் நுனியில ரத்தமும் எடுக்கணும். இன்னொண்ணு எம்.எஸ்சி. நர்சிங் பொண்ணு, குடிக்கிற புருஷனோட வாழற பொம்பளைங்ககிட்ட வீட்ல நடக்கற அடி உதை பத்தி பேட்டி எடுக்கப் போறா. மூணாவது, ஒரு மருந்து ட்ரையல்ல புதுசா கோஆர்டினேட்டரா சேர்ந்திருக்கற பையன். மூணு பேரும் கேட்டது ஒண்ணுதான்: அக்கா, கன்சென்ட் எப்படி வாங்கறது, உங்க ஃபார்ம் இருந்தா அனுப்புங்களேன், பேரை மாத்திக்கறேன்.

ஃபார்ம் அனுப்பல. பதினாலு வருஷமா கன்சென்ட் ஃபார்மை பையில தூக்கிட்டு தெருத்தெருவா அலையறவ நான், மூணு பேருக்கும் மூணு விதமான பதில்தான் சொல்ல முடிஞ்சுது. அதை அப்படியே இங்க எழுதறேன், இதே இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கறவங்க இன்னும் நிறைய பேர் இருப்பீங்க.

## எதை வெச்சு முடிவு பண்றது

எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு. சம்மதம்னா அது நீங்க அவங்ககூட உக்காந்து பேசற பேச்சு, ஃபார்ம் அந்தப் பேச்சுக்கான ரசீது மட்டும்தான். பணமே கட்டாம ரசீது மட்டும் கட்டுக்கட்டா வெச்சிருந்தா எப்படி இருக்கும்? நம்ம நாட்டுல அது நடந்திருக்கு. 2009ல அப்போதைய ஆந்திராவோட கம்மம் மாவட்டத்துலயும் குஜராத் வதோதராவுலயும் ஸ்கூல் படிக்கற பொண்ணுங்களுக்கு எச்பிவி தடுப்பூசி (கருப்பை வாய் புற்றுநோய் வராம இருக்க போடறது) போட்டு ஒரு திட்டம் நடத்தினாங்க, கம்மத்துல பழங்குடி ஹாஸ்டல் பிள்ளைங்க நிறைய. 2010 ஏப்ரல்ல அதை நிறுத்தினாங்க. நாடாளுமன்ற நிலைக்குழு 2013 ஆகஸ்ட்ல கொடுத்த 72வது அறிக்கையில வந்த கணக்கு என்னன்னா, ஆந்திராவுல பார்த்த 9,543 படிவத்துல 2,763ல கையெழுத்து போட்டது ஹாஸ்டல் வார்டன், 1,948ல வெறும் கைநாட்டு. அந்த ஊசி நல்லதா கெட்டதாங்கறது இல்ல இங்க பேச்சு, அது இன்னிக்கும் உலகம் பூரா போடற ஊசிதான். பெத்தவங்களைக் கேக்காம வார்டனைக் கேட்டதுதான் பிரச்சனை. ரசீதெல்லாம் பத்திரமா இருந்துச்சு.

சரி, எந்த முறைன்னு முடிவு பண்றதுக்கு நான் பாக்கறது அஞ்சு விஷயம்.

மொத விஷயம், உங்களோடது புது மருந்து ட்ரையலா இல்லையா. ஆமான்னா 2019ல வந்த நியூ ட்ரக்ஸ் அண்ட் கிளினிக்கல் ட்ரையல்ஸ் ரூல்ஸ் பொருந்தும், அது சட்டம், பாதி முடிவு உங்க கையிலயே இல்ல. சர்வே, பேட்டி, பழைய ரெக்கார்டு இந்த மாதிரி ஆய்வுன்னா இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், அதாவது ஐசிஎம்ஆர், 2017ல போட்ட தேசிய நெறிமுறை, அதுல எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வு நடத்தலாமான்னு பாத்து ஒப்புதல் கொடுக்கற குழு) கையில கொஞ்சம் நெளிவு சுளிவு இருக்கு. ரெண்டாவது, ரிஸ்க் எவ்வளவு, கேள்வி மட்டும் கேக்கறீங்களா, ஊசி குத்தறீங்களா, எடுத்த ரத்தத்தை ஃப்ரீசர்ல வெச்சு பின்னாடி வேற ஏதாவது பாக்கப் போறீங்களா. மூணாவதை நிறைய பேர் யோசிக்கறதே இல்ல: நீங்க கொடுக்கற தாளாலயே அவங்களுக்கு ஆபத்து வருமா. நாலாவது, அவங்களுக்குப் புரிஞ்சுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும். அஞ்சாவது செலவு, அதாவது நேரம், ஜெராக்ஸ், சாட்சி தேடற அலைச்சல், அதை பத்திரமா வைக்கற இடம்.

## கையெழுத்து வாங்கறது

எல்லாரும் கண்ண மூடிட்டு எடுக்கற வழி. தப்பில்ல, படிக்கத் தெரிஞ்சவங்க, ரிஸ்க் கொஞ்சம் இருக்கற ஆய்வு, ரத்தமோ திசுவோ எடுத்து சேமிக்கற ஆய்வுன்னா இதுதான் சரி. பின்னாடி யாராவது கேள்வி கேட்டா காட்டறதுக்கு பேரு, தேதி, கையெழுத்து எல்லாம் இருக்கு, கலந்துக்கறவங்க கையிலயும் ஒரு காப்பி இருக்கும். காப்பி கட்டாயம் கொடுக்கணும், "கேட்டா தர்றோம்" எல்லாம் கிடையாது.

இதுல மறைஞ்சிருக்கற செலவு மொழிபெயர்ப்பு. இங்கிலீஷ்ல ஆறு பக்கம் எழுதி, அதை யாரோ தமிழாக்கம் பண்ணி, அதை இன்னொருத்தர் திருப்பி இங்கிலீஷ்ல எழுதி சரிபார்த்து, கடைசியில வர்ற தமிழ் நமக்கே புரியாது. ஒரு ட்ரையல்ல "சமவாய்ப்பு முறையில் குழுக்களாகப் பிரிக்கப்படுவீர்கள்"னு இருந்துச்சு. யார் எந்தக் குழுன்னு யாரும் தேர்ந்தெடுக்காம அதிர்ஷ்டப்படி பிரிக்கறதுதான் அது, ஒருத்தருக்கும் விளங்கல. நான் சீட்டு குலுக்கிப் போட்டு எடுக்கற மாதிரின்னு சொல்லிப் பாத்தேன், ஒரு அண்ணன் உடனே "ஏலச்சீட்டாம்மா, மாசம் எவ்வளவு கட்டணும்"னு கேட்டுட்டார். அப்புறம் கோயில்ல திருவுளச்சீட்டு போடற மாதிரின்னு சொன்னேன், டக்குனு பிடிச்சுக்கிட்டாங்க. ஆனா அதுலயும் ஒரு சிக்கல், திருவுளச்சீட்டுன்னா சாமி முடிவு பண்றார்னு அர்த்தம் ஆயிடுது, சாமி கொடுத்தது நல்ல மருந்தாத்தானே இருக்கும்னு ஒரு அம்மா நம்பிட்டாங்க. கடைசியில காசு சுண்டிப் போடறதுலதான் வந்து நின்னோம், பூவா தலையான்னு. இதெல்லாம் ஃபீல்டுக்குப் போறதுக்கு முன்னாடி பத்து பேர்கிட்ட சொல்லிப் பாத்து கண்டுபிடிக்க வேண்டிய விஷயம், யாரும் அதுக்கு நாள் ஒதுக்கறதில்ல.

ஜெராக்ஸ் கணக்கும் போட்டுக்கோங்க. ஆறு பக்கம், ரெண்டு காப்பி, 400 பேர்னா 4,800 பக்கம். தீசிஸ் பண்றவங்களுக்கு இது சொந்தக் காசு.

இன்னொண்ணு, படிச்சவங்கதான் படிக்காம கையெழுத்து போடுவாங்க. அதுலயும் உங்க காலேஜ் மாணவங்க, உங்க ஆஸ்பத்திரி ஸ்டாஃப்னா கேக்கவே வேணாம், சார் ஃபார்ம் நீட்டறார், மாட்டேன்னா இன்டர்னல் மார்க் என்னாகும்ங்கற பயம். ஐசிஎம்ஆர் நெறிமுறை இவங்களையும் பாதிப்புக்கு எளிதா ஆளாகறவங்க கணக்குலதான் சேர்த்திருக்கு. அங்கெல்லாம் பாடம் எடுக்கற ஆளே போய் சம்மதம் வாங்கக்கூடாது, அவங்க மார்க்லயும் லீவுலயும் கை வைக்க முடியாத ஒரு ஆளை அனுப்புங்க.

## கைநாட்டும் சாட்சியும்

டாக்டர் தம்பிக்கு இதுதான் பெரும்பாலும் வேலைக்கு ஆகும். எழுதப் படிக்கத் தெரியாதவங்ககிட்ட முழுசா படிச்சுக் காட்டி, விளக்கி, அவங்க கைநாட்டு வெச்சு, கூட ஒரு நடுநிலையான சாட்சி "ஆமா, எல்லாத்தையும் சரியா விளக்கினாங்க, இவங்களா விரும்பித்தான் ஒத்துக்கிட்டாங்க"ன்னு கையெழுத்து போடணும். சாட்சி உங்க டீம் ஆளா இருக்கக்கூடாது.

கேக்க சுலபமா இருக்கு இல்ல? ஒரு பாட்டி வீட்டுத் திண்ணையில உக்காந்து அரை மணி நேரம் பேசினேன், சுகர் பத்தி, ரத்தம் எவ்வளவு எடுப்போம்னு, எல்லாத்துக்கும் தலையாட்டினாங்க, வெத்தலை கூட கொடுத்தாங்க. இங்க் பேடை திறந்தேன். அவ்வளவுதான், கையை இழுத்து முந்தானைக்குள்ள வெச்சுக்கிட்டாங்க. "எங்க வீட்டுக்காரர் தம்பி இப்படித்தான் ரேகை வாங்கிட்டுப் போனான், காடு போச்சு." அந்தப் பாட்டிக்கு ரத்தம் கொடுக்கறதுல பயம் இல்ல, மையிலதான் பயம். நம்ம ஊர்ல கைநாட்டுன்னா பத்திரம், கடன், அடமானம், இந்த மூணுதான் ஞாபகத்துக்கு வரும், அந்த ஞாபகத்தை நம்ம தகவல் தாளால அழிக்க முடியாது. மறுநாள் பையனை வெச்சுக்கிட்டு திரும்பப் போனேன், அவர் ஃபார்மை வரி வரியா படிச்சு சொன்னார், பாட்டி அப்பவும் வேணாம்னுட்டாங்க. சரின்னு வந்துட்டேன்.

மறைஞ்சிருக்கற செலவு சாட்சிதான். பகல் பதினோரு மணிக்கு கிராமத்துல படிக்கத் தெரிஞ்ச, உங்களுக்கும் அந்த வீட்டுக்கும் கட்டுப்படாத, அரை மணி நேரம் உக்காரக்கூடிய ஆள் எங்க கிடைப்பாங்க? எல்லாரும் வில்லேஜ் ஹெல்த் நர்ஸைத்தான் கூப்பிடுவாங்க. அவங்க உங்க டீம் இல்லதான், ஆனா ஊர்ப் பிள்ளைங்களுக்கு ஊசி போடறது அவங்க, பிரசவத்துக்கு ஓடி வர்றது அவங்க, அவங்க பக்கத்துல நிக்கும்போது எந்தப் பொம்பளை மாட்டேன்னு சொல்லுவா? மருமகளை சாட்சியா வெச்சா அது இன்னும் மோசம், பாட்டி மருமக முகத்தைப் பாத்துத்தான் பதில் சொல்லுவாங்க. எனக்கு ஓரளவு ஒத்து வந்தது லைப்ரரியன், ரிட்டயர்டு வாத்தியார், காலேஜ் முடிச்சுட்டு சும்மா இருக்கற பக்கத்து தெரு பசங்க. அவங்க பஸ் காசு, டீ செலவையும் பட்ஜெட்ல போட்டுக்கோங்க, எத்திக்ஸ் கமிட்டிக்கு அதை வெளிப்படையா எழுதிக் கொடுத்துடுங்க.

டாக்டர் தம்பிக்கு இதை ரெண்டு தடவை அழுத்திச் சொன்னேன்: பேர் போடத் தெரியும்ங்கறதும் படிக்கத் தெரியும்ங்கறதும் வேற வேற. மகளிர் குழு, பேங்க் கணக்கு, நூறு நாள் வேலைன்னு நிறைய பாட்டிங்க பேரை மட்டும் அழகா எழுதக் கத்துக்கிட்டாங்க. கையெழுத்து போட்டுட்டாங்களேன்னு சாட்சியை விட்டுடாதீங்க, படிக்க முடியாதவங்கன்னா சாட்சி வேணும்.

## வாய்வார்த்தை சம்மதம்

நர்சிங் பொண்ணுக்கு இதைத்தான் சொன்னேன், அவ கைடு முதல்ல ஒத்துக்கவே இல்ல, "கையெழுத்து இல்லாம கன்சென்டா"ன்னு.

யோசிச்சுப் பாருங்க. "குடும்ப வன்முறை பற்றிய ஆய்வு"ன்னு கொட்டை எழுத்துல தலைப்பு போட்ட ஒரு தகவல் தாளை அந்தம்மா கையில கொடுத்துட்டு நீங்க பஸ் ஏறிடறீங்க. ராத்திரி அவர் குடிச்சுட்டு வந்து அதைப் பாத்தா? ரிஸ்க் இல்லாத ஆய்வுன்னு கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருப்பீங்க, ஆனா தாளே ரிஸ்க். அமெரிக்க விதிகள்ல இதை நேரடியாவே எழுதி வெச்சிருக்காங்க, கலந்துக்கற ஆளையும் ஆய்வையும் இணைக்கற ஒரே கண்ணி அந்தக் கையெழுத்துத் தாள்தான், அது வெளிய போனா அவங்களுக்கு கெடுதல்னா, கையெழுத்தை விட்டுடலாம்னு. ஐசிஎம்ஆர் நெறிமுறையிலும் கமிட்டி முன்கூட்டியே ஒத்துக்கிட்டா வாய்வார்த்தை சம்மதத்துக்கு இடம் இருக்கு. முன்கூட்டியேங்கறது முக்கியம், ஃபீல்டுல போய் நீங்களா முடிவு பண்ண முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2001லயே வீட்டு வன்முறை ஆய்வுக்குன்னு தனியா வழிகாட்டி போட்டுச்சு. அதுல இருக்கற சில விஷயம் ரொம்ப நடைமுறையானது. ஒரு வீட்ல ஒரே ஒரு பொம்பளைகிட்டதான் பேசணும், வீட்ல மத்தவங்களுக்கு ஆய்வோட பேரை "பெண்கள் உடல்நலம்" மாதிரி பொதுவா சொல்லணும், உண்மையான விஷயத்தை அந்தம்மாகிட்ட மட்டும் தனியா சொல்லி சம்மதம் கேக்கணும், நடுவுல யாராவது உள்ள வந்தா உடனே வேற கேள்விக்குத் தாவ முன்னாடியே தயார் பண்ணி வெச்சிருக்கணும். நாங்க மாதவிடாய் பத்தி நாலு கேள்வி வெச்சிருந்தோம், புருஷன் வந்தா அதைக் கேப்போம், அவரே எழுந்து வெளிய போயிடுவார்.

இதோட மறைமுக செலவு, ஆதாரம் கம்மி. சம்மதம் கேக்கறப்ப சொல்ற வார்த்தைகளை அப்படியே எழுதி கமிட்டிகிட்ட ஒப்புதல் வாங்கி, ஒவ்வொரு ஆளுக்கும் பேர் இல்லாம கோட் நம்பர், தேதி, நேரம் போட்டு நீங்க கையெழுத்து போடணும். வழக்கமா இதுக்கும் ஒரு சாட்சி கேப்பாங்க, ஆனா இந்த மாதிரி விஷயத்துல சாட்சின்னாலே ரகசியம் வெளிய போயிடுமே, அதனால சாட்சிக்குப் பதிலா ஆடியோ வெச்சுக்கலாமான்னு கமிட்டிகிட்டயே கேட்டு எழுத்துல வாங்கிடுங்க. இன்னொரு செலவு நம்ம சோம்பேறித்தனம். நாலு மணிக்கு மேல, இன்னும் ரெண்டு வீடு பாக்கி இருக்கறப்ப, "சொல்லிட்டேன், சரின்னாங்க"ன்னு டிக் அடிக்கறது ரொம்ப ஈஸி. நானே அந்த ஆசையில நின்னிருக்கேன்.

## வீடியோ

கோஆர்டினேட்டர் பையன் வந்ததும் கேட்டது "எல்லாருக்கும் வீடியோ எடுத்துட்டா சேஃப் தானே". யாருக்கு சேஃப்னு திருப்பிக் கேட்டேன்.

கதை இதுதான்: ட்ரையல்கள்ல நடந்த முறைகேடு பத்தி சுப்ரீம் கோர்ட்ல வழக்கு நடந்து, 2013ல கோர்ட் சொன்னதுக்கு அப்புறம் எல்லா ட்ரையலுக்கும் எல்லாருக்கும் ஆடியோ வீடியோ பதிவு கட்டாயம் ஆச்சு. 2015 ஜூலைல அதைக் குறைச்சாங்க, 2019 ரூல்ஸ்லயும் அதேதான் இருக்கு: புத்தம்புது மூலக்கூறு மருந்தோட ட்ரையல், அதுல பாதிப்புக்கு எளிதா ஆளாகற பிரிவினர், இது ரெண்டும் சேர்ந்தாதான் வீடியோ. எச்ஐவி, தொழுநோய் மருந்து ட்ரையல்னா ஆடியோ மட்டும் போதும், முகம் வேணாம். அந்த விலக்கு ஏன்னு யோசிச்சாலே வீடியோவோட விலை என்னன்னு புரியும்.

அப்புறம் ஃபேன் சத்தத்துல பேச்சு கேக்காது, ஃபேனை நிறுத்தினா வேர்த்துக் கொட்டும், கேமராவைப் பாத்ததும் எல்லாரும் கல்யாண வீடியோ மாதிரி நிமிந்து உக்காந்து "சரிங்க, புரிஞ்சுதுங்க"ன்னு சொல்லுவாங்க, சந்தேகம் கேக்கவே மாட்டாங்க. வீடியோ எடுக்கறதுக்கே தனியா சம்மதம் வாங்கணும். எடுத்ததை யார் போன்ல, எந்த ஹார்டு டிஸ்க்ல, எத்தனை வருஷம் வெக்கறது? சொந்த போன்ல எடுத்து வாட்ஸப்ல அனுப்பறதை என் கண்ணால பாத்திருக்கேன். சட்டம் கேக்கற இடத்துல எடுத்தே ஆகணும், கேக்காத இடத்துல உங்க ஃபைலுக்குப் பாதுகாப்புன்னு எடுக்காதீங்க.

## ஆன்லைன் டிக்

காலேஜ் பசங்ககிட்ட தூக்கம், ஸ்ட்ரெஸ் பத்தி கூகுள் ஃபார்ம்னா போதும். தகவலை முதல் பக்கத்துல போடுங்க, "சம்மதம் இல்லை"ன்னு அழுத்தினா ஃபார்ம் நிஜமாவே மூடணும், மெயில் ஐடி சேகரிக்கற செட்டிங்கை ஆஃப் பண்ணுங்க. பேர் கேக்கலன்னு எழுதிட்டு மெயில் ஐடி வாங்கறவங்கதான் ஜாஸ்தி.

## சம்மதமே வாங்காம இருக்கறது

பழைய கேஸ் ஷீட், பேர் நீக்கின டேட்டா, ஆளைத் தேடிப் பிடிக்கவே முடியாத பழைய சாம்பிள், இதுக்கெல்லாம் கமிட்டி வேய்வர், அதாவது சம்மதம் வாங்கறதுல இருந்து விலக்கு, கொடுக்கலாம். ஆனா ரெக்கார்டு பாக்கறதுதானே, கமிட்டிக்கே போக வேணாம்னு நினைக்கறவங்க இங்கதான் மாட்டறாங்க. சம்மதம் வேணாம்னு சொல்ற அதிகாரமும், ரிவ்யூவே தேவையில்லன்னு விலக்கு கொடுக்கற அதிகாரமும் கமிட்டிக்குத்தான், உங்களுக்கோ உங்க கைடுக்கோ இல்ல. டேட்டா எடுத்து முடிச்சு, ஜர்னல் அப்ரூவல் நம்பர் கேக்கறப்ப ஓடினா, முடிஞ்சுபோன வேலைக்கு பின்தேதி போட்டு ஒப்புதல் கொடுக்க மாட்டாங்க. ஒரு வருஷ வேலையை அப்படியே மூட்டை கட்டி வெச்ச ஒரு பிஜி மாணவரை எனக்குத் தெரியும்.

## அவசரத்துல இருக்கறவங்களுக்கு

| முறை | எங்க பொருந்தும் | கண்ணுக்குத் தெரியாத செலவு | எங்க வேண்டாம் |
|---|---|---|---|
| கையெழுத்து | படிக்கத் தெரிஞ்சவங்க, ரத்தம், சாம்பிள் | தமிழாக்கம், ஜெராக்ஸ் | தாளே ஆபத்தான இடம் |
| கைநாட்டு, சாட்சி | படிக்க முடியாதவங்க | சாட்சி கிடைக்கறது, மை மேல பயம் | ரகசியம் முக்கியமான பேட்டி |
| வாய்வார்த்தை | வன்முறை, குடி மாதிரி பேச்சு | ஆதாரம் கம்மி, நம்ம அவசரம் | மருந்து ட்ரையல் |
| வீடியோ | சட்டம் கேக்கற ட்ரையல் | இடம், ரகசியம், கூச்சம் | மத்த எல்லா இடமும் |
| ஆன்லைன் டிக் | ரிஸ்க் இல்லாத சர்வே | மெயில் ஐடி கசியும் | போன் இல்லாதவங்க |
| வேய்வர் | பேர் நீக்கின பழைய ரெக்கார்டு | கமிட்டி தேதிக்கு காத்திருக்கணும் | ஆளை நேர்ல பாக்கற எதுவும் |

குழந்தைங்க இருந்தா இதெல்லாம் பெத்தவங்களுக்கு. பிள்ளைகிட்டயும் தனியா கேக்கணும், ஏழுல இருந்து பன்னெண்டு வயசுக்குள்ள வாயால கேட்டா போதும், பன்னெண்டுக்கு மேல பதினெட்டு வரைக்கும் எழுத்துல. பிள்ளை மாட்டேன்னா அதையும் மதிக்கணும். ஹெட்மாஸ்டர், வார்டன், பஞ்சாயத்து தலைவர் கொடுக்கற பர்மிஷன் ஊருக்குள்ள நுழையறதுக்கு மட்டும்தான், அது எத்தனை சீல் குத்தியிருந்தாலும் ஒரு ஆளோட சம்மதத்துக்கு ஈடாகாது.

நர்சிங் பொண்ணுக்கு கமிட்டி வாய்வார்த்தைக்கு ஓகே கொடுத்துடுச்சு, ஆய்வோட வெளிப்பேரை மட்டும் மாத்தச் சொன்னாங்க. ட்ரையல் பையன் இப்ப ரூல்ஸை பிரிண்ட் எடுத்து மேசையில வெச்சிருக்கான், படிச்சானான்னு தெரியல. டாக்டர் தம்பி நேத்து போன் பண்ணார், பைலட்ல, அதாவது முன்னோட்டமா, இருபது பேரைப் பாத்தாராம், இருபது பேரும் உடனே ஒத்துக்கிட்டாங்களாம், ஒருத்தர் கூட மாட்டேன்னு சொல்லலயாம், சாட்சியா வந்தது அந்த ஊர் நர்ஸம்மா. அவருக்கு ரொம்ப சந்தோஷம். எனக்குத்தான் எங்கயோ உதைக்குது, வர்ற செவ்வாய்க்கிழமை நானும் கூட போறேன்.